கேஸ் ஷீட்: 'ஏரோ', 74 பீரங்கி, வயது 15

வழக்கமா சுகர், பிரஷர், பாம்புக்கடின்னு எழுதுற ஆள் நான். இன்னைக்கு ஒரு கப்பலைப் பத்தி எழுதப் போறேன். மருத்துவமும் உள்ளே இருக்கு, பயப்படாதீங்க. த்ரெட் நீளம். டீ போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க.

1/ போன லீவுக்குக் குடும்பத்தோடு பாண்டிச்சேரி போயிருந்தேன். வெள்ளையர் பகுதியில் நடந்து போகும்போது ஒரு தெருப் பலகை. சுஃப்ரேன் வீதி. "யாருப்பா இவரு, டாக்டரா?" என்று என் மகள் கேட்டாள். எனக்குத் தெரியலை. "ஏதோ பிரெஞ்சுக்காரர்மா" என்று சமாளித்துவிட்டேன். ஊருக்கு வந்து நைட் டியூட்டிகளுக்கு நடுவே படிக்க ஆரம்பித்தேன். ஆளைத் தேடிப் போன நான் அவருடைய கப்பலில் மாட்டிக்கொண்டேன்.

2/ கப்பலின் பெயர் ஏரோ. எழுதும்போது ஹெச் உண்டு, ஆனால் பிரெஞ்சில் அது ஒலிக்காது. அர்த்தம் 'வீரன்'. சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் திருகோணமலைக்கும் நடுவே 1782, 1783-ல் இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் ஐந்து பெரிய கடற்போர் நடத்தினார்கள். ஐந்திலும் இந்தக் கப்பல் இருந்தது.

3/ "நிலக்கோட்டையில் உட்கார்ந்துக்கிட்டு கடல் சண்டை எதுக்கு டாக்டர்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம்ம ஊரில் பூ மார்க்கெட் உண்டு, கடல் கிடையாது. ஆனால் இந்தப் போர் திண்டுக்கல் மலைக்கோட்டை வரை வந்தது. அதைவிட முக்கியமா, இந்தப் போரிலிருந்து எங்க டிபார்ட்மெண்டுக்கு ஒரு ஆஸ்பத்திரியே வந்தது. இரண்டையும் சொல்றேன்.

4/ முதலில் நோயாளி விவரம்.
பெயர்: ஏரோ.
பிறந்த இடம்: பிரான்ஸின் தூலோன் துறைமுகம்.
தண்ணீரில் இறங்கியது: 1778 டிசம்பர் கடைசி.
நீளம்: சுமார் 55 மீட்டர். நம்ம டவுன் பஸ் ஐந்தை வரிசையாக நிறுத்தினால் வரும் நீளம்.
ஆட்கள்: சுமார் 700 பேர்.
பீரங்கி: 74.

5/ 700 பேர் என்பதைக் கொஞ்சம் யோசியுங்க. ஐந்து பஸ் நீளத்தில் 700 ஆண்கள். கூடவே ஆடு, கோழி, தண்ணீர்ப் பீப்பாய், வெடிமருந்து, உப்புக்கறி. தூங்குவதற்குப் பீரங்கிகளுக்கு மேலே தொங்கும் தூளி. காற்று வரும் ஜன்னல் என்று பார்த்தால் பீரங்கி நீட்டும் ஓட்டைதான், கடல் கொந்தளித்தால் அதையும் மூடிவிட வேண்டும். இந்த நிலையில் மாதக்கணக்கில் பயணம். ஒருத்தனுக்குப் பேதி வந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

6/ கீழ்த்தட்டில் இருந்த பீரங்கிகள்தான் பெரிசு. பிரெஞ்சுக் கணக்கில் 36 பவுண்டு குண்டு, நம்ம கணக்கில் ஏறக்குறைய 17, 18 கிலோ. ஓக் மரச் சுவரை அது துளைக்கும்போது உள்பக்கம் மரச்சில்லுகள் ஈட்டி மாதிரி தெறிக்கும். குண்டு நேராகப் பட்டு செத்தவர்கள் ஒரு பக்கம். சில்லு குத்தி, காயம் புழுத்து, பல நாள் கிடந்து செத்தவர்கள் இன்னொரு பக்கம்.

7/ காயம்பட்டவனைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கும் இருட்டுத் தட்டுக்கு இறக்குவார்கள். அங்கே விளக்கு வெளிச்சத்தில் ஒரு சர்ஜன் இருப்பார். மயக்க மருந்து கிடையாது, ஈதர் வைத்துச் செய்த புகழ்பெற்ற முதல் ஆபரேஷனே 1846-ல்தான். கிருமி என்ற கருத்தும் கிடையாது. கை கால் நைந்து போயிருந்தால் ரம்பம். வேகம் மட்டும்தான் அந்த சர்ஜன் செய்யக்கூடிய கருணை. நான் ஒரு விரல் தையலுக்கே லோக்கல் போடாமல் ஊசி எடுப்பதில்லை.

8/ சரி, கதைக்கு வருவோம். 1778-ல் அமெரிக்க விடுதலைப் போரில் பிரான்ஸ் இங்கிலாந்துக்கு எதிராக இறங்கியது. அந்தச் சண்டையின் நெருப்பு இங்கேயும் பற்றியது. அதே வருஷம் இங்கிலீஷ் கம்பெனி பாண்டிச்சேரியைப் பிடித்தது. 1780 ஜூலையில் மைசூரின் ஹைதர் அலி கம்பெனிக்கு எதிராக ஆற்காட்டுச் சீமையில் பெரும் படையோடு இறங்கினார்.

9/ ஹைதர் நமக்கு அந்நியர் இல்லை. மைசூர் அரசர்களை ஓரங்கட்டித் தானே ஆள்வதற்கு முன்பு, 1755-லிருந்து அவர் திண்டுக்கல்லின் ஃபௌஜ்தார், அதாவது படை அதிகாரி. மலைக்கோட்டையில் உட்கார்ந்து சுற்றிலும் இருந்த பாளையக்காரர்களை அடக்கினார். பிரெஞ்சுப் பொறியாளர்களை வைத்துத் திண்டுக்கல்லில் ஆயுதச்சாலை அமைத்தார். ஹைதருக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கும் இருந்த பழக்கத்தில் நம்ம ஊருக்கும் பங்கு உண்டு.

10/ 1781 மார்ச் 22. பிரான்ஸின் பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து ஐந்து போர்க்கப்பல்கள் கிளம்பின. தலைமைக் கப்பல் ஏரோ. அதில் நின்றவர் பியேர் ஆந்த்ரே தெ சுஃப்ரேன், வயது 51. பருமனான உடம்பு, உடையில் அக்கறை கிடையாது, நல்ல சாப்பாட்டுப் பிரியர். இன்றைக்கு என் ஓ.பி.க்கு வந்தால் முதல் வேலையாக எடை மெஷினில் ஏறச் சொல்லியிருப்பேன்.

11/ முதல் சண்டை இந்தியாவுக்கு வருவதற்கு முன்பே. ஏப்ரல் 16, ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கேப் வெர்தே தீவுகளின் போர்த்தோ பிராயா துறைமுகம். தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் பார்த்தால் இங்கிலீஷ் கப்பற்படை நங்கூரம் போட்டு நிற்கிறது. அது போர்ச்சுக்கல்லின் துறைமுகம், அங்கே சண்டை போடக் கூடாது. சுஃப்ரேன் அதையெல்லாம் யோசிக்கவில்லை. ஏரோவை நேராக எதிரிகளுக்கு நடுவே ஓட்டி நங்கூரத்தை இறக்கினார்.

12/ பின்னால் 'அனிபால்' மட்டும் ஒழுங்காக வந்து சேர்ந்தது, அதன் கேப்டன் அங்கேயே செத்தார். மற்றவர்கள் சரியாகச் சேரவில்லை. வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனால் இங்கிலீஷ்காரர்கள் டச்சுக்காரர்களின் கேப் குடியேற்றத்தைப் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். இந்த அடியில் அவர்கள் தாமதமாக, சுஃப்ரேன் முந்திக்கொண்டு கேப்பைக் காப்பாற்றினார். தாமதம் என்ற சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க. இந்த த்ரெட் முழுக்க அதுதான்.

13/ 1782 பிப்ரவரியில் படை சோழமண்டலக் கரைக்கு வந்தது. வரும் வழியில் பிப்ரவரி 9 அன்று மூத்த தளபதி தோர்வ் நோயில் இறந்துபோக, மொத்தப் பொறுப்பும் சுஃப்ரேன் கைக்கு வந்தது. எதிரே இங்கிலீஷ் அட்மிரல் எட்வர்ட் ஹியூஸ், அவருடைய தலைமைக் கப்பல் 'சூப்பர்ப்', அதுவும் 74 பீரங்கி. இந்த இரண்டு பேரும் அடுத்த 16 மாதத்தில் ஐந்து முறை மோதினார்கள். இதோ பட்டியல்.

14/ ஒன்று. 1782 பிப்ரவரி 17, சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பால். இன்றைய கல்பாக்கம் பக்கம். இருட்டும்வரை சண்டை, முடிவு இல்லை. அதன்பிறகு ஏரோவும் மற்ற கப்பல்களும் பரங்கிப்பேட்டையில் பிரெஞ்சுத் தரைப்படையை இறக்கின. அவர்கள் ஹைதரின் ஆட்களோடு சேர்ந்து ஏப்ரலில் கடலூரைப் பிடித்தார்கள்.

15/ இரண்டு. ஏப்ரல் 12, இலங்கையின் கிழக்குக் கரை. ஏரோவின் முன் பாய்மரத்தின் மேல்பகுதி முறிந்து விழுந்தது. சுஃப்ரேன் வேறு கப்பலுக்கு மாற வேண்டியதாயிற்று. பிரெஞ்சுப் பக்கம் செத்தவர்கள் 137. இங்கிலீஷ் பக்கமும் அதே 137. எழுதியவர் தப்பாக எழுதிவிட்டாரோ என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். இல்லை, அதுதான் கணக்கு.

16/ மூன்று. ஜூலை 6, நாகப்பட்டினம். சண்டை நடுவே காற்று திடீரென்று திசை மாறி இரண்டு வரிசையும் கலைந்துபோனது. பிரெஞ்சுப் பக்கம் 178 சாவு, 601 காயம். 601 காயம் என்றால் நம்ம தாலுகா ஆஸ்பத்திரி மாதிரி எத்தனை ஆஸ்பத்திரி வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்க.

17/ இங்கே ஒரு விஷயம். இங்கிலீஷ்காரர்களுக்குச் சென்னை இருந்தது, பம்பாயில் கப்பல் பழுதுபார்க்கும் துறை இருந்தது. சுஃப்ரேனுக்கு ஒன்றுமே இல்லை. பாண்டிச்சேரி கைவிட்டுப் போயிருந்தது. அருகிலிருந்த பிரெஞ்சுத் துறைமுகம் மொரீசியஸ், அவ்வளவு தூரம். உடைந்த பாய்மரத்துக்கு மாற்று மரம் கிடையாது. சின்னக் கப்பல்களின் மரத்தைக் கழற்றிப் பெரிய கப்பலுக்கு வைத்தார். பிடித்த எதிரிக் கப்பல்களின் கயிறு, பாய், அரிசி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்.

18/ அரசு ஆஸ்பத்திரியில் வேலை செய்தவர்களுக்கு இது உடனே புரியும். ஒரு வார்டு மானிட்டரின் ஒயரை இன்னொரு வார்டுக்கு மாட்டி, இல்லாத மருந்துக்கு இருக்கிற மருந்தை வைத்து ஓட்டுவோம் இல்லையா, அதே பிழைப்புதான். மேலிடம் மொரீசியஸுக்கே திரும்பி வா என்றுதான் சொல்லியிருந்தது. சுஃப்ரேன் போகவில்லை. கரையை விட்டுப் போனால் ஹைதர் நம்மை நம்பமாட்டார் என்பது அவர் கணக்கு.

19/ ஜூலை 26 அன்று கடலூர்ப் பக்கம் ஹைதரும் சுஃப்ரேனும் நேரில் சந்தித்தார்கள். தரையில் சம்மணம் போட சுஃப்ரேனின் உடம்பு இடம் கொடுக்கவில்லை என்றும், ஹைதர் மெத்தைகளைப் போடச் சொல்லி "சௌகரியமா உட்காருங்க" என்ற மாதிரி உபசரித்தார் என்றும் ஒரு கதை சொல்வார்கள். திண்டுக்கல் ஃபௌஜ்தாராக இருந்தவருக்கு விருந்தாளியைக் கவனிக்கத் தெரியாதா என்ன.

20/ ஆகஸ்ட் கடைசியில் சுஃப்ரேன் திருகோணமலைக் கோட்டையைப் பிடித்தார். கடைசியில் ஒரு நல்ல துறைமுகம் கிடைத்தது. இரண்டு மூன்று நாள் கழித்து ஹியூஸ் வந்து நின்றார். அந்த இரண்டு மூன்று நாள் தாமதத்தில் இங்கிலீஷ்காரர்கள் திருகோணமலையை இழந்தார்கள்.

21/ நான்கு. செப்டம்பர் 3, திருகோணமலைக்கு வெளியே. ஏரோவுக்கு வந்த மிக மோசமான நாள். சுஃப்ரேன் முன்னால் போக, ஏரோ, 'இல்லுஸ்த்ர்', 'அழாக்ஸ்' என்று மூன்று கப்பல் மட்டும் நெருங்கிச் சண்டை போட்டன. காற்று விழுந்துபோனது. மற்ற பெரும்பாலான கேப்டன்கள் தூரத்திலேயே நின்றார்கள். மூன்று கப்பல் மேலும் மொத்த அடி விழுந்தது.

22/ ஏரோவின் நடுப் பாய்மரம் சாய்ந்தது, அதோடு கொடியும் கீழே வந்தது. அந்தக் காலத்தில் கொடி இறங்கினால் சரண் என்று அர்த்தம். இங்கிலீஷ் கப்பல்களில் ஆரவாரம். சுஃப்ரேன் கத்திக்கொண்டே இருக்கிற கொடிகளையெல்லாம் கொண்டுவரச் சொல்லிக் கப்பலைச் சுற்றிலும் கட்டவைத்தார். அன்று பிரெஞ்சுப் பக்கம் 82 சாவு, 255 காயம். அதில் பெரும்பகுதி இந்த மூன்று கப்பலின் ஆட்கள்.

23/ இப்போ என் டிபார்ட்மெண்ட். அந்தக் காலக் கடற்படைகளில் பீரங்கியைவிட நோய்தான் அதிகம் பேரைக் கொன்றது. பேதி, காய்ச்சல், ஸ்கர்வி. ஸ்கர்வி என்பது வைட்டமின் சி இல்லாமல் வருவது. மனித உடம்பு அதைத் தானாகத் தயாரிக்காது. காய்கறி, பழம் இல்லாமல் இரண்டு மூன்று மாதம் போனால் அறிகுறி ஆரம்பிக்கும். முதலில் சோர்வு. பிறகு ஈறு வீங்கி ரத்தம், காலில் ரத்தத் திட்டு, பல் ஆட்டம். பல வருஷத்துக்கு முன் ஆறின காயம்கூடத் திரும்பப் பிளக்கும்.

24/ ஏன் பிளக்குது? நம்ம தோல், தழும்பு, ரத்தக்குழாய் சுவர் எல்லாவற்றையும் பிடித்து வைத்திருப்பது கொலாஜன் என்ற புரதம். உடம்பு அதைத் தினமும் பழுதுபார்த்துக்கொண்டே இருக்கும், அதற்கு வைட்டமின் சி வேண்டும். அது இல்லையென்றால் கட்டடத்துக்கு சிமெண்ட் இல்லாத மாதிரி. மருந்து என்ன? இரண்டு எலுமிச்சம்பழம். ஒரு நெல்லிக்காய். அவ்வளவுதான்.

25/ இது அப்போதே தெரிந்த விஷயம் என்பதுதான் கொடுமை. 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் டாக்டர் 12 ஸ்கர்வி நோயாளிகளை இரண்டு இரண்டு பேராகப் பிரித்து ஆறு விதமான வைத்தியம் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவர் ஒரு வாரத்துக்குள் தேறினார்கள். 1753-ல் புத்தகமும் போட்டார். பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறைப்படி கொடுக்க ஆரம்பித்தது 1795-ல். 48 வருஷம். அந்த 48 வருஷத்துக்கு நடுவில்தான் நம்ம கதை நடக்கிறது.

26/ 1782 மழைக்காலத்துக்கு ஏரோ சுமத்ராவின் அச்சே துறைமுகத்துக்குப் போனது. நம்ம கிழக்குக் கரையில் அந்தப் பருவத்தில் ஒதுங்க இடம் கிடையாது. அக்டோபரில் வந்த புயலில் சென்னைக் கரையில் நின்ற பல கப்பல்கள் சிதறின. அரிசி ஏற்றி வந்தவையும் அதில் உண்டு. அந்த அரிசிக்காகக் காத்திருந்த ஊரைப் பத்தி இப்போ சொல்லணும்.

27/ ஹைதரின் படை வந்ததும் ஆற்காட்டுச் சீமை எரிந்தது. வயல், ஏரி, கால்நடை எதுவும் மிஞ்சவில்லை. கம்பெனிப் படைகளும் போகிற வழியில் கிடைத்ததை எடுத்துக்கொண்டன. கடலில் சுஃப்ரேனின் கப்பல்கள் வங்காளத்திலிருந்து சென்னைக்கு வந்த சரக்குக் கப்பல்களைப் பிடித்தன. ஏரோவில் இருந்தவன் சாப்பிட்ட அரிசி சென்னையில் யாரோ ஒருத்தனுக்கு வர வேண்டிய அரிசி. கிராமங்களிலிருந்து மக்கள் சென்னைக்கு நடந்து வந்து தெருவில் விழுந்து செத்தார்கள்.

28/ அந்தப் பஞ்சத்துக்காக 1782-ல் சென்னையில் ஒரு கஞ்சித்தொட்டி ஆரம்பித்தார்கள். மணியக்காரர் சத்திரம் என்று பேர். கஞ்சி குடிக்க வந்தவர்களில் பாதிப் பேர் நோயாளிகள். சத்திரத்தோடு வைத்தியமும் சேர்ந்தது, 1799-ல் அங்கே ஆஸ்பத்திரி வந்தது. அதுதான் பின்னாளில் ஸ்டான்லி. வடசென்னையில் பழைய ஆட்கள் இன்றைக்கும் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றுதான் சொல்வார்கள். ஸ்டான்லியில் படித்த என் நண்பர்கள் பல பேருக்கே அந்தப் பேருக்குப் பின்னால் இந்தப் போர் இருப்பது தெரியாது.

29/ 1782 டிசம்பர் 7 அன்று ஹைதர் சித்தூர்ப் பக்கம் முகாமில் இறந்தார். முதுகில் வந்த ராஜபிளவை என்கிறார்கள். பெரிய கட்டி, பல வாய் வைத்துச் சீழ் வரும், சுகர் உள்ளவர்களிடம் இன்றைக்கும் பார்க்கிறோம். சாவுச் செய்தி சுஃப்ரேனுக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அதுவும் வங்கக் கடலில் பிடித்த ஒரு இங்கிலீஷ் கப்பல் மூலமாக. தன் முக்கியமான கூட்டாளி செத்தது எதிரி சொல்லித்தான் அவருக்குத் தெரிகிறது.

30/ ஐந்து. இதுக்குத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன். 1783 ஜூன். கடலூரில் புஸ்ஸி என்ற வயதான பிரெஞ்சுத் தளபதியை இங்கிலீஷ் தரைப்படை சுற்றி வளைத்திருக்கிறது. ஜூன் 13 அன்று நடந்த சண்டையில் இரண்டு பக்கமும் நூற்றுக்கணக்கில் விழுந்தார்கள். கடலில் ஹியூஸ் 18 கப்பலோடு நிற்கிறார். சுஃப்ரேன் 15 கப்பலோடு வருகிறார்.

31/ சுஃப்ரேனிடம் கப்பல் உண்டு, ஆள் இல்லை. சண்டையிலும் நோயிலும் செத்துத் தீர்ந்துவிட்டார்கள். கரையிலிருந்து சுமார் 1200 பேரைக் கடனாக வாங்கிக் கப்பல்களில் ஏற்றினார். அதில் வெள்ளைச் சோல்ஜர்களோடு நம்ம நாட்டுச் சிப்பாய்களும் உண்டு. துப்பாக்கி பிடித்துத் தரையில் நின்று பழகியவன் திடீரென்று ஆடுகிற தட்டில், புகையில், பீரங்கிக் கயிறு இழுக்கிறான். எதிரே ஹியூஸின் கப்பல்களில் ஸ்கர்வி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்கள் படுத்துவிட்டார்கள். தண்ணீரும் தீர்ந்துகொண்டிருந்தது.

32/ ஜூன் 20 பின்னேரம் சண்டை. ராஜாவின் புது உத்தரவுப்படி சுஃப்ரேன் இந்த முறை ஒரு சின்ன ஃப்ரிகேட் கப்பலில் நின்று படையை நடத்தினார். ஏரோ தன் அட்மிரல் இல்லாமலே வரிசையில் நின்று சுட்டது. பிரெஞ்சுப் பக்கம் 102 சாவு, 386 காயம். இங்கிலீஷ் பக்கம் 99 சாவு, 431 காயம். இரண்டு பக்கமும் ஒரு கப்பலும் மூழ்கவில்லை. ஹியூஸ் சென்னைக்குத் திரும்பினார். கடலூர் தப்பித்தது.

33/ ஒன்பது நாள் கழித்து, ஜூன் 29 அன்று, வெள்ளைக்கொடி கட்டிய இங்கிலீஷ் கப்பல் ஒன்று கடலூருக்கு வந்தது. கொண்டு வந்த சேதி: சமாதானம் ஆகிவிட்டது. பிரான்ஸும் இங்கிலாந்தும் வெர்சாயில் முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட தேதி 1783 ஜனவரி 20.

34/ ஜனவரி 20. சண்டை நடந்தது ஜூன் 20. சரியாக ஐந்து மாதம். அந்த 102 பேரும் 99 பேரும், ஜூன் 13-ல் கடலூர் மணலில் விழுந்தவர்களும் முடிந்துபோன ஒரு போரில் செத்தார்கள். அவர்களைக் கொன்றது பீரங்கிதான். ஆனால் கேஸ் ஷீட்டில் 'சாவுக்கான அடிப்படைக் காரணம்' என்று ஒரு வரி இருக்கும், அங்கே நான் எழுதுவது: சேதி வரத் தாமதம்.

35/ யாரையும் திட்ட முடியாது. அன்றைக்கு ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கடிதம் வர ஐந்தாறு மாதம். தரைவழியாக அவசரச் சேதி வந்தாலும் மாதக்கணக்கு. ஹியூஸும் சுஃப்ரேனும் தங்களுக்குத் தெரிந்ததை வைத்துச் சரியாகத்தான் நடந்தார்கள். எனக்குத் தொண்டையில் நிற்பது அதுதான். தப்பு செய்தவன் என்று ஒருத்தன்கூட இல்லாமல் இத்தனை பேர் செத்திருக்கிறார்கள்.

36/ சரி, போரில் யாருக்கு என்ன கிடைத்தது? இத்தனை உயிர் கொடுத்துப் பிடித்த திருகோணமலையை டச்சுக்காரர்களிடமே திருப்பிக் கொடுத்தார்கள். பாண்டிச்சேரி பிரெஞ்சுக்குத் திரும்பியது. நம்ம திண்டுக்கல்? 1783-ல் கம்பெனிப் படை பிடித்தது, 1784 மங்களூர் உடன்படிக்கையில் திப்புவுக்கே திரும்பியது. 1790-ல் மறுபடி பிடித்தார்கள், 1792-ல் கம்பெனிக்கே எழுதிக்கொடுத்தாயிற்று. மலைக்கோட்டையில் கொடி மாறிய கணக்கை நம்ம பிள்ளைகள் ஏறி இறங்கும்போது யாராவது சொல்லிக் கொடுத்தால் நல்லது.

37/ ஏரோ ஊர் திரும்பியது. போகும் வழியில் கேப்பில் நின்ற இங்கிலீஷ் கேப்டன்கள் சுஃப்ரேனைத் தேடி வந்து மரியாதை செய்தார்கள். கிடைத்த பாராட்டுகளில் அதுதான் தனக்கு ரொம்பப் பிடித்தது என்று அவரே எழுதியிருக்கிறார். 1784 மார்ச் 26, தூலோன். கிளம்பி மூன்று வருஷம் நாலு நாள். சுஃப்ரேன் 1788-ல் பாரிஸில் இறந்தார். எதிரியின் 'சூப்பர்ப்' என்ன ஆயிற்று? ஐந்து சண்டையில் தப்பியது 1783 நவம்பரில் தலச்சேரிக் கரையில் உடைந்துபோனது.

38/ ஏரோவின் முடிவு. 1793-ல் பிரெஞ்சுப் புரட்சி நடுவே, தூலோன் நகரத்து ராஜ விசுவாசிகள் துறைமுகத்தையும் அதிலிருந்த கப்பல்களையும் இங்கிலீஷ்காரர்களிடம் ஒப்படைத்தார்கள். புரட்சிப் படை முற்றுகையிட்டது. அதில் பீரங்கிகளை நடத்திய இளம் அதிகாரியின் பெயர் நெப்போலியன் போனபார்ட். கோட்டைகள் விழவும் இங்கிலீஷ்காரர்கள் கிளம்பினார்கள். கொண்டுபோக முடியாத கப்பல்களுக்கு டிசம்பர் 18 ராத்திரி தீ வைத்தார்கள். அதில் ஒன்று ஏரோ. பிறந்த துறைமுகத்திலேயே எரிந்தது. 15 வயது நிறைய இன்னும் சில நாள் பாக்கி.

39/ கேஸ் ஷீட் இங்கே முடியுது. ஆனால் ஒன்று சொல்லணும். போன மழைக்காலத்தில் ஒரு அண்ணனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தோட்டத்தில் பாம்பு கடித்து நாலு மணி நேரம். முதலில் பச்சிலை, பிறகு மந்திரிப்பு, பிறகு 108. கண் இமை விழுந்துவிட்டது, மூச்சு திணறுகிறது. மருந்து எங்க ஃப்ரிட்ஜில் தயாராக இருந்தது. அவர் கடிபட்ட நிமிஷத்திலும் அது அங்கேதான் இருந்தது.

40/ மருந்து ஏற்றி, டியூப் போட்டு, ஆம்புலன்ஸில் மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பிழைத்துவிட்டார். அன்று அவர் மனைவி என்னிடம் சொன்னது: "இதுக்கு இங்கேயே மருந்து இருக்குன்னு எங்களுக்குத் தெரியாது சார்." அந்த வார்த்தையைக் கேட்டு ஒரு வருஷம் ஆகப் போகுது. கடலூர் சேதியைப் படித்த ராத்திரி அந்த அம்மா முகம்தான் ஞாபகம் வந்தது. சமாதானம் ஆகிவிட்டது, எலுமிச்சம்பழம் போதும், மருந்து ஃப்ரிட்ஜில் இருக்கு. மூன்றுமே உண்மை, மூன்றும் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு நேரத்துக்குப் போகவில்லை.

41/ அன்றைக்கு ஜனவரி சேதி ஜூனில் வந்தது. இன்றைக்கு உங்க கையில் போன் இருக்கு. அதனால் இந்த த்ரெட்டைப் படித்த கையோடு வீட்டில் உள்ளவர்களிடம் மூன்று விஷயம் மட்டும் சொல்லுங்க:
பாம்பு கடித்தால் கட்டுப் போடாதீங்க, கீறாதீங்க, ஆளை அசைக்காமல் நேராக அரசு ஆஸ்பத்திரி.
நெஞ்சு வலி, ஒரு பக்கம் கை கால் விழுவது, வாய் கோணுவது என்றால் விடியட்டும் என்று பார்க்காமல் உடனே 108.
தனியாகக் கஞ்சி மட்டும் குடித்துக்கொண்டிருக்கும் பெரியவர்கள் உங்க தெருவில் இருந்தால் அவர்களுக்கு அப்பப்போ ஒரு கொய்யா, ஒரு நெல்லிக்காய், ஒரு எலுமிச்சம்பழம் கொடுங்க. ஈறில் ரத்தம் என்று வரும் சில பேருக்கு நான் எழுதும் மருந்தைவிட அதுதான் வேலை செய்யும்.

42/ மகளிடம் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டாள். "அந்தச் சிப்பாய்ங்க பேரு என்னப்பா?" ராஜா பேர், அட்மிரல் பேர், கப்பல் பேர் எல்லாம் சொன்ன எனக்கு இதுக்குப் பதில் இல்லை. நான் படித்த புத்தகங்களில் அவர்கள் ஒரு எண், அவ்வளவுதான். அடுத்த முறை பாண்டிச்சேரி போனால் சுஃப்ரேன் வீதியோடு நிற்காமல் கடலூருக்கும் போய்க் கடற்கரையில் கொஞ்ச நேரம் நிற்கலாம் என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம்.

தப்பு இருந்தால் சொல்லுங்க, திருத்திக்கிறேன். நாளைக்கு காலை எட்டு மணிக்கு ஓ.பி. இருக்கு, தூங்கப் போறேன்.

நிலக்கோட்டையிலிருந்து,
உங்கள் அரசு டாக்டர்.